சண்டையில் கொடுத்த குதிரைக்குட்டி

மல்லசமுத்திரம்,
ஆடி 5, திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சௌந்திரம் எழுதுவது. இங்கே நானும் நம் பிள்ளை யுவஸ்ரீயும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்பதை இந்தக் கடிதம் கொண்டுவரும் கதிரிடம் உள்ளபடி சொல்லவும், அவனிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்குது" என்பீர்கள். பின்னால் யாராவது ஒரு பையன் "அண்ணன் குப்புறப் படுத்தே கிடக்குறாருங்க்கா" என்று சிரிப்பான். எதை நம்புவது?

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் கம்ப்ரசர் சத்தத்தில் பாதி கேட்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் போர் போடுகிற ரிக் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்கிறார்கள். எட்டு நாளைக்கு முன்னால் நீங்கள் பேசிய பேச்சுக்கு நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் "சிக்னல் இல்லை" என்று வைத்துவிட்டீர்கள். சத்தீஸ்கர் காட்டில் சிக்னல் எப்போது போகும் எப்போது வரும் என்று உங்கள் விரலுக்குத்தான் தெரியும். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பாருங்கள். உங்கள் வண்டி டிரைவர் கதிருக்கு லீவு முடிகிறது, நாளைக்குக் கிளம்புகிறான். கவரைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும் என்று அவன் சம்சாரத்திடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊர்ச் சேதி முதலில். மழை இல்லை. மரவள்ளி இலை சுருண்டு நிற்கிறது. ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடிக்குத் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மனுஷன் வீட்டு போரில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியம்மாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். இருக்கிற தண்ணீரைக் குதிரை மசால் தீவனப் பயிருக்கு விட்டு, மிச்சத்தைத்தான் மரவள்ளிக்கு விடுகிறேன். யுவஸ்ரீக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உங்களுக்கு போட்டோ அனுப்பக் கூடாதாம், நேரில்தான் காட்டுவாளாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் செவலைக் குதிரையின் குட்டி விஷயம்.

அன்றைக்கு நீங்கள், "குட்டி பால் மறந்துருச்சல்லோ, மேட்டூர்க்காரர் புதன்கிழமை வண்டி கொண்டாருவாரு, குடுத்துடு" என்றீர்கள். "அது சேலத்து பாய்க்குச் சொன்ன குட்டியாச்சேங்க" என்றேன். அதற்கு நீங்கள், "கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு? சண்டையில பொம்பளை சொன்னதெல்லாம் ஏவாரத்துல சேருமா?" என்றீர்கள். கம்ப்ரசர் சத்தத்திலும் இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் மறந்திருப்பீர்கள், அதனால் நடந்ததை எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு "சும்மா பாத்துட்டு வந்துரலாம்" என்று எங்களைக் கூட்டிப் போனீர்கள். சும்மா பார்க்கப் போனவர் செவலையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டீர்கள். சேலம் நசுருல்லா பாய்தான் அதை வைத்திருந்தார். அவர் ஒளிவு மறைவில்லாமல், "மலட்டுக் குதிரைங்க. அஞ்சு வருசமாச்சு, ஒரு குட்டி போடல. வண்டியில கட்டுங்க, சவாரிக்கு வச்சுக்கங்க. நாளைக்கு நசுருல்லா ஏமாத்திட்டான்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். யோக்கியமான பேச்சுதான். ஆனால் ஒரு தடவை சொன்னால் போதாதா? கூட்டம் சேரச் சேர அதன் இடுப்பில் தட்டித் தட்டி மலடு, மலடு என்று மூன்று தடவை சொன்னார்.

நம் கல்யாணத்துக்கும் யுவஸ்ரீக்கும் நடுவில் பதினோரு வருஷம். அந்த வார்த்தையை யார், எந்த வீட்டு விசேஷத்தில், எந்தச் சேலை கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்கள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தை இந்தக் கடிதத்தைப் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன், அத்தையும் சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்புக்குப் போனால் என்னைப் பின்வரிசையில் நிற்கச் சொல்லுவார்கள். அந்தச் செவலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ!

"எந்த வாயிங்க பாய் அது? இன்னொருக்கா அந்தப் பேச்சு பேசாதீங்க. இது குட்டி போடும். போட்டா அந்த முதல் குட்டியை நானே கொண்டாந்து உங்க ஊட்டு வாசல்ல கட்டுறேன். கட்டிட்டா, இனி ஒரு உசுரையும் அந்தப் பேரு சொல்லி நீங்க கூப்பிடக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. பாய் செவலையின் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் பக்கம் நீட்டி, "சம்மதம் தங்கச்சி" என்றார். நான் அந்தத் துண்டின் மேல் கையை வைத்து அழுத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே "பாத்துக்கலாங்க பாய்" என்று சொல்லி, செவலைக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்து, என்னை இழுத்துக்கொண்டு வந்தீர்கள்.

துண்டின் மேல் கை வைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது, எழுத்தும் கிடையாது சாட்சியும் கிடையாது, அதுதான் சந்தை என்று அந்தியூர் போகிற வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தியது யார்? அந்தச் சட்டம் ஆம்பிளைக் கைக்கு மட்டும்தான் என்று அப்போது நீங்கள் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு நீங்கள் ரிக்கோடு கிளம்பிவிட்டீர்கள். செவலையை நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனது நான். கர்ப்பப்பையில் பழைய புண் இருக்கிறது, அதனால்தான் சினை நிற்கவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்து, மருந்து விட்டுக் கழுவிக் குணமாக்கினார். அப்புறம் தம்மம்பட்டியில் நல்ல ஆண் குதிரை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சின்ன யானை லோடு வண்டியில் ஏற்றி மூன்று தடவை போய் வந்தேன். முதல் இரண்டு தடவையும் நிற்கவில்லை. அப்போதெல்லாம் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் என்னென்ன பேசினேன் என்று அந்த வண்டிக்காரரைக் கேட்டால் சொல்லுவார். மூன்றாவது தடவை நின்றது. பொங்கல் கழிந்து எட்டாம் நாள் விடியும்போது குட்டி பிறந்தது. பெட்டைக் குட்டி, நெற்றியில் வெள்ளை, கழுத்தடியில் நல்ல சுழி. பிறந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று என் முந்தானையைச் சப்பியது.

அன்று காலையே பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "மாஷா அல்லா! தாயும் குட்டியும் நல்லா இருக்குதா தங்கச்சி?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு மாசத்தில் நாலைந்து தடவை பேசியிருக்கிறார். குட்டிக்கு எப்போது கொள்ளு கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், குளம்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுவார். என் குட்டி என்றோ, எப்போது தருகிறாய் என்றோ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக்கூடக் கொஞ்சம் மனசு மாறியிருக்கலாம்.

நான் குட்டிக்குப் பேரும் வைக்கவில்லை. அடுத்தவர் குட்டிக்கு நாம் எப்படிப் பேர் வைப்பது? யுவஸ்ரீ இதற்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். பிறகு "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். லீவில் வந்தபோது நீங்கள்தான் அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தீர்கள். மேட்டூர்க்காரர் கண்ணில் பட்டது அப்படித்தான். என் வார்த்தை வார்த்தை இல்லை என்று சொன்னதும் போதாமல் அவருக்கும் ஆசை காட்டி வைத்தீர்களே, குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

அவருக்கு ஏன் கொடுக்க நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அவர் பெரிய காண்ட்ராக்டர். அவர் மனசு வைத்தால் மேட்டூர், ஓமலூர் பக்கமே வருஷம் முழுக்க போர் வேலை கிடைக்கும். நீங்கள் காடு மேடு அலையாமல் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து போகலாம். இதை நீங்கள் வாய் விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா மாமா? ஒவ்வொரு நாளும் இருக்கிறது. ஆனால் பாய் வீட்டுக் குட்டியைக் கொடுத்து அதை வாங்க வேண்டாம். அப்படி வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டி முகம்தான் தெரியும்.

மேட்டூர்க்காரர் சொன்னபடி புதன்கிழமை வண்டியோடு வந்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்து, குட்டி வேறொருவருக்குச் சொன்னது என்றேன். "உங்க ஊட்டுக்காரர் சொன்னாருங்களே" என்றார். "என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன். "பாத்துக்கலாம்னாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்துக்கலாம்னா பாத்துட்டுச் சொல்றதுன்னுதானுங்க அர்த்தம். நான் பாத்துட்டேனுங்க. குட்டி இல்லீங்க" என்றேன். மனுஷன் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அத்தை பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை, அதுவே பெரிது. போகும்போது, "சின்னுசாமி ஊருக்கு வந்தா ஒரு எட்டு வந்து என்னையப் பாக்கச் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, நல்ல விதமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் காலி வண்டியைத் திருப்பும்போது குட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் போனார்.

உங்களைக் கேட்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்பியது தப்புதான். அதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். நேரில் வந்து திட்டுங்கள்.

சனிக்கிழமை பஸ் ஏறிச் சேலம் கோட்டைக்குப் போய் பாய் வீட்டைக் கண்டுபிடித்தேன். குட்டி பால் மறந்துவிட்டது, எந்த நாளில் கொண்டுவரட்டும் என்று கேட்கத்தான் போனேன். பாய் லாயத்தில் வேலையாக இருந்தார். அவர் சம்சாரம் பஷீரா அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, மெதுவாக, "ஏம்மா, அந்தியூர்ல எங்க வீட்டுக்காரர்கிட்ட நீ என்னதான் சொன்னே?" என்று கேட்டார். ஏதோ வம்பு என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அவர்கள் மகன் நயீமுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மருமகள் ஷாஹிஸ்தாவுக்கு இன்னும் குழந்தை இல்லை. பஷீரா அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாப்பிட உக்காந்தா இவருக்கு அந்தப் பேச்சு, எந்திரிச்சா அந்தப் பேச்சு. அந்தப் புள்ள அழுதுக்கிட்டே சோறு போடும். நானும் நல்லவ இல்லம்மா, நானும் சேந்துதான் பேசினேன். அன்னைக்குச் சந்தையில இருந்து வந்தாரு. கை கால் கழுவிட்டு உக்காந்து, இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சு கிடையாதுன்னாரு. ஏன்னு கேட்டேன். ஒரு பொண்ணுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்னாரு. ரெண்டு வருசமாச்சு, ஒரு நாள் அவரு வாயில வரல. என்னையும் பேச விடல." இதைச் சொல்லும்போது ஷாஹிஸ்தா அந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் துருவல் நின்றுவிட்டது.

மாமா, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். குட்டி வாசலுக்கு வந்தால்தான் அவர் அந்த வார்த்தையை விட வேண்டும் என்பது பேச்சு. அவர் சந்தையிலிருந்து போன அன்றைக்கே விட்டுவிட்டார். செவலை குட்டி போடும் என்று அவருக்கு ஒரு துளி நம்பிக்கை இருந்திருக்காது. இருந்தும் அவர் பங்கை முன்கூட்டியே கொடுத்து முடித்துவிட்டார். அவர் இத்தனை செய்த பிறகு நான் சண்டையில் சொன்னது, பொம்பளை சொன்னது என்று ஒதுங்கிக்கொண்டால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஆனால் பாய் குட்டியை வேண்டாம் என்கிறார். நான் எதிர்பார்க்கவே இல்லை. "கோவத்துல சொன்னதைப் புடிச்சுக்கிட்டு வாங்கினா நான் மனுசனா தங்கச்சி? குட்டி போடாதுன்னு சொல்லி வித்தவன் நான், என் சொல்லுதான் பொய்யாப் போச்சு. நீங்களே வச்சுக்கங்க" என்றார். "கோவத்துல சொன்னாலும் தெரிஞ்சுதானுங்க சொன்னேன். நீங்க துண்டை நீட்டினது வெளையாட்டுக்கா?" என்று கேட்டேன். அவர் முடியாது என்க, நான் விடமாட்டேன் என்க, அரை மணி நேரம். வாங்கமாட்டேன் என்று ஒருவரும் கொடுத்தே தீருவேன் என்று ஒருவரும் இப்படி மல்லுக்கட்டிப் பார்த்ததில்லை என்று நயீம் சிரித்தான். கடைசியில் பாய் ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் பாத்துக்கலாம்னு மட்டும்தான் சொன்னாரு. அவரு மனசு கோணி வர்ற உசுரு எங்க லாயத்துல விளங்காது. அவரும் கூட வந்து நின்னா வாங்கிக்கறேன்."

சரிங்க பாய் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் கேட்டது நியாயம்தான்.

கிளம்பும்போது ஷாஹிஸ்தா என் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். போனில் காட்டினேன். விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "என்ன பேருக்கா?" என்றாள். "நீங்க வைக்கணும்னுதாங் கண்ணு விட்டு வச்சிருக்கறேன்" என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இப்போது நான் அந்தக் குட்டியைக் கொடுக்க நினைப்பது பாய்க்காகப் பாதி, அந்தப் பெண்ணுக்காகப் பாதி. காலையில் கதவைத் திறந்தால் அந்தக் குட்டி அவள் கண்ணில் பட வேண்டும்.

ஆடிப் பதினெட்டு இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்றைக்குச் சேலம் போவதாகச் சின்ன யானைக்குச் சொல்லிவிட்டேன். யுவஸ்ரீயும் வருகிறாள். குட்டியைக் கொடுக்கத்தான் போகிறோம் என்று அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க அழுதாள். இன்று காலையில் அதன் பிடரி மயிரை அவளே சீவிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். கதிர் உங்களிடம் வந்து சேர வியாழக்கிழமை ஆகிவிடும். அதற்குப் பிறகும் உங்களுக்கு ஒரு வாரம் முழுதாக இருக்கிறது.

நீங்கள் அன்று சொன்னது எனக்கு வலித்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் எதிர்த்துப் பேசிவிட்டு மறந்திருப்பேன். ஏனென்றால் அந்தப் பதினோரு வருஷத்தில் ஊரே பேசியபோது நீங்கள் ஒரு நாள்கூட என்னை அப்படிப் பேசியதில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக என்னோடு வந்தீர்கள். ஆறுதல் சொல்லத் தெரியாது உங்களுக்கு. சுவரில் சாய்ந்துகொண்டு என் பையைப் பிடித்தபடி சும்மா நிற்பீர்கள். அந்த மனுஷனுக்குத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

கதிர் கையில் பருப்புப் பொடி, எள்ளுருண்டை, இடுப்புக்குத் தைலம் கொடுத்திருக்கிறேன். தைலத்தைச் சூடு பண்ணித் தடவவும். எள்ளுருண்டையைப் பசங்களுக்கும் கொடுக்கவும், நீங்கள் ஒருவரே தின்றுவிட வேண்டாம். வேலை செய்யும்போது ஹெல்மெட் போட்டுக்கொள்ளவும். தலைக்கு மேலே அத்தனை இரும்பு ஆடுகிறது. அர்த்தநாரீசுவரர் உங்களையும் கூட இருக்கிற பிள்ளைகளையும் குறையில்லாமல் காக்கட்டும்.

நாலு நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறுங்கள் மாமா. பாய் வீட்டு வாசலில் குட்டியை நான் கட்டிக்கொள்கிறேன், பேச வேண்டியதையும் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சௌந்திரம்